கலத்தில் விளைந்த ஊதாச் சாயம்

வேரிலிருந்து சாயம் இறக்குவது நம் நெசவாளர்களுக்குப் புதியதன்று. சோழமண்டலக் கரையில் இம்பூறல் எனப்படும் சாயவேரைக் கொண்டே பருத்தி நூலுக்குச் சிவப்பேற்றினர். அவ்வேரிலுள்ள அலிசாரின் என்னும் நிறப்பொருளை 1868இல் ஜெர்மானியர் இரசாயன முறையில் ஆக்கினர். அதன்பின் சாயவேர்ப் பயிர் நலிந்தது. இப்போது செடியின் உயிரணுக்களையே தொட்டியில் வளர்த்துச் சாயமும் மருந்தும் எடுக்கிறார்கள் என்று கேள்வியுறும் பயிரிடுவோர், மீண்டும் அதே கதையோ என ஐயுறுவது இயல்பே. ஆகவே அம்முறை இன்னதென்பதை ஜப்பான் நாட்டு உதாரணம் ஒன்றைக் கொண்டு விளக்குவோம்.

அந்நாட்டில் முராசாகி என்றொரு செடி உண்டு. அதன் வேரிலுள்ள ஷிகோனின் என்னும் பொருள் பட்டுக்கு ஊதாச் சாயமாகவும், தீப்புண்ணுக்கும் காயத்துக்கும் இடும் களிம்பின் சரக்காகவும் நெடுங்காலம் பயன்பட்டு வந்தது. வேர் முற்றுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். முற்றிய வேரிலும் 100க்கு 1 அல்லது 2 பங்கே ஷிகோனின். காட்டுச் செடியோ அருகிவிட்டது. வேண்டிய வேரைக் கொரியாவிலிருந்தும் சீனத்திலிருந்தும் தருவித்தனர்.

கியோட்டோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மமோரு தபாத்தாவும் அவர் குழுவினரும் இச்செடியின் திசுவைச் சர்க்கரை, உப்புக்கள், வளர்ச்சி ஊக்கிகள் ஆகியன கலந்த, கிருமியகற்றிய ஊட்டத்தில் வளர்த்தனர். திசு இலையும் தண்டும் விடாமல் வெறும் உயிரணுத் திரளாகப் பெருகிற்று. எனினும் பெருகுகிற உயிரணுவெல்லாம் சாயம் தருவதில்லை. தழைச்சத்தை அம்மோனியமாகக் கொடுத்தால் சாயம் ஊறுவது தடைப்பட்டது. நைட்ரேட்டாகக் கொடுத்துச் செம்புச் சத்தையும் சற்றே கூட்டினால் நன்கு ஊறிற்று. வெளிச்சமும் ஆகாது. (மண்ணுக்குள் இருளில் கிடக்கும் வேரின் சரக்கல்லவா!)

இதையறிந்த மித்சுயி பெட்ரோகெமிக்கல் நிறுவனத்தார், 200 லிட்டர் தொட்டியில் 9 நாள் உயிரணுக்களைப் பெருக்கி, பின்பு 750 லிட்டர் தொட்டியில் வேறோர் ஊட்டத்தில் 14 நாள் வைத்துச் சாயம் ஊறச் செய்தனர். உலர்ந்த உயிரணுவில் சுமார் 14 சதவீதம் ஷிகோனின் கிடைத்தது. 1983இல் இம்முறை வாணிப அளவை எட்டியது. உதட்டுச் சாயத்திலும் அதைச் சேர்த்து விற்றனர்.

இனி, நம் அன்பர்களின் ஐயத்துக்கு வருவோம். இத்தொட்டிக்கு இடையறாத காற்றோட்டமும் முழுத் தூய்மையும் வேண்டும்; ஒரு துளி கிருமி புகுந்தாலும் ஒரு தொட்டிச் சரக்கு முழுவதும் வீண். அவ்வளவு செலவும் கட்டுப்படியானதற்குக் காரணம், அந்நாளில் ஷிகோனின் கிலோ ஒன்று சுமார் 4,000 டாலர் விலை பெற்றதே. நட்ட சில மாதங்களிலேயே வெட்டுக்கு வரும் அவுரிக்கும், ஓராண்டுக்குள் கிழங்கு தரும் மஞ்சளுக்கும் இக்கணக்கு ஒத்துவராது. மெதுவாக வளர்ந்து, அரிதாகக் கிடைத்து, மிகு விலை பெறும் மூலிகையைப் பயிரிடுவோரே தொட்டியின்மீது ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.