சாமி கும்பிட வருகிற வேனில் பட்டாவும் வரட்டும்

மாசியில் சிவராத்திரி நெருங்கினால் மதுரை–தூத்துக்குடி நாற்கரச் சாலையில் வேன்கள் பெருகிவிடும். மேலே கட்டிய அண்டாவும் அடுப்பும், உள்ளே மூன்று தலைமுறை. திருப்பூர், கோவை, சென்னை என்று பிழைக்கப் போன குடும்பங்கள் குலதெய்வம் கும்பிட வருகின்றன. காரியாபட்டி தாண்டி அருப்புக்கோட்டை வந்ததும் திருச்சுழி, நரிக்குடி, பந்தல்குடி என்று ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போகும். சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்கள் பங்குனி உத்திரத்துக்கு வருவார்கள்.

முன்பெல்லாம் இந்தப் பயணம் கூண்டு வண்டியில்தான். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்துப் பிள்ளைகளைப் படுக்கப் போடுவார்கள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போகும் வண்டிகளும் அப்படித்தான் போயின. மாடு களைத்த ஊரில் அத்தை வீடோ, தாத்தாவின் சிநேகிதர் வீடோ இருக்கும். அங்கே கஞ்சி குடித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் அடுத்த ஊர். போகிற வழியே உறவு பார்க்கிற வழியாக இருந்தது. இப்போது ராத்திரி பத்து மணிக்கு ஏறினால் விடியும்போது கோயில் வாசல். அத்தை வீட்டுக்குப் போன் மட்டும் போகிறது.

திருச்சுழி விருந்தாளிக்குப் பேர் பெற்ற ஊர். குண்டாற்றங்கரையில் திருமேனிநாதர் கோயில் கொண்ட இந்த ஊரில்தான் ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தார். வழக்காடும் தொழில் செய்த அவர் தகப்பனார் சுந்தரமய்யர், வந்துபோகிறவர்கள் தங்குவதற்கென்றே வீட்டில் ஒரு பகுதியை விட்டிருந்தார். பின்னாளில் மதுரையில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, அருணாசலம் என்பது போய்ச் சேரக்கூடிய ஓர் ஊர் என்று தெரியவந்ததும் ஊரிலிருந்து தெரிந்த உறவுக்காரப் பெரியவர் ஒருவர் மூலம்தான். 1895 நவம்பரில் நடந்தது அது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று அவர் திருவண்ணாமலையில் இருந்தார்.

மகரிஷி கதை பெரிது. கரிசல் காட்டுக் குடும்பத்துக்கு உறவு பார்க்க வருவதில் இருக்கிற லாபம் வேறு.

குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. பங்காளிகள் வைத்திருக்கும் வரி நோட்டில் பேரன் கல்யாணம் முடிந்த வருஷமே அவன் பெயர் ஏறிவிடுகிறது. பட்டாவிலோ இன்னும் பூட்டன் பெயர்தான். இல்லாவிட்டால் நாலு பேர் பெயரில் கூட்டுப்பட்டா. அதில் இரண்டு பேர் இறந்து வருஷங்கள் ஆகியிருக்கும்.

ஊரில் தங்கி உழுகிற சித்தப்பாவுக்குத்தான் இதில் முதல் அடி. தன் பெயரில் பட்டா இல்லாவிட்டால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கும்போது இழுபறி, பயிர்க் காப்பீட்டில் இழுபறி. வருஷத்துக்கு 6,000 ரூபாய் வரும் பிரதமர் கிசான் உதவித்தொகையும் நிலம் அவரவர் பெயரில் இருந்தால்தான். வெளியூர்ப் பங்கு கேட்பாரற்றுக் கிடக்கும். கிடக்கிற புஞ்சையில் சீமைக் கருவேலம் ஏறும். நெற்றைத் தின்ற ஆடு மாடுகளின் சாணம் வழியே பக்கத்துக் காட்டுக்கும் அது பரவும். மூட்டத்துக்கு மரத்தை வெட்டிக்கொண்டு போனாலும் தூர் கிடந்தால் மறுபடி தழைத்துவிடும்.

இதைச் சரிசெய்ய மாசியை விட்டால் தோதான மாதம் இல்லை. உளுந்தும் சோளமும் குதிரைவாலியும் களம் சேர்ந்துவிட்டன, காடு வெறுமையாகக் கிடக்கிறது, எல்லை கண்ணுக்குத் தெரியும். அதற்கும் மேலாக, கையெழுத்துப் போட வேண்டியவர்கள் அத்தனை பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கிளம்புவதற்கு முன்பே தமிழக அரசின் இ-சேவை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்துப் பட்டா விவரத்தையும் புலப்பட வரைபடத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வரைபடம் மட்டும் போதாது. கரிசல் மழையில் உப்பி வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கிற மண். நட்ட கல் சாயும், புதையும். எல்லைப் பனை எது, வண்டிப் பாதை எது, ஓடைப் புறம்போக்கு எங்கே முடிகிறது என்பதெல்லாம் தாத்தாவுக்குத் தெரியும். அவரைவிட நன்றாகத் தெரிந்த இன்னொருவர் உண்டு: நாற்பது ஐம்பது வருஷம் பக்கத்துப் புஞ்சையில் உழுத அவருடைய பழைய கூட்டாளி. அவர் வீட்டுக்குப் போய் நலம் விசாரித்து, இரண்டு கிழவர்களையும் ஒன்றாகக் காட்டுக்குக் கூட்டிப் போனால் பாதித் தகராறு அங்கேயே தீரும். வெயில் ஏறுவதற்கு முன், காலை ஏழு மணிக்கே ஆட்டோவில் போய்விடுவது நல்லது. பேரப்பிள்ளைகளில் ஒருவர் செல்போனில் படம் எடுத்து, எந்தக் கல் எந்த மூலை என்று குறித்துக்கொள்ளட்டும்.

அடுத்த வேலை தாலுகா அலுவலகத்தில். இறந்தவர் பெயர் இருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். பங்கு பிரித்துத் தனிப்பட்டா வாங்க, பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு இ-சேவை மையத்தில் உட்பிரிவுக்கு மனுக் கொடுக்க வேண்டும். சர்வேயர் வந்து அளப்பார். ஒரே நாளில் முடிகிற காரியமில்லை. கோயிலுக்கு மறுநாள் அலுவலகம் திறந்திருக்குமா என்று பார்த்து, ஒரு நாள் கூடுதலாக விடுப்பு எடுத்து வந்தால் தொடங்கியாவது வைக்கலாம்.

அத்தைமார்களை மறக்கக் கூடாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. கிடா வெட்டிச் சாப்பாடு போட்ட கையோடு, விவரம் சொல்லாமல் அத்தையிடம் கையெழுத்து வாங்குகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது உறவைக் கெடுக்கும், கடைசியில் கோர்ட்டிலும் நிறுத்தும். அத்தை பங்கு வேண்டாம் என்றால் அதற்கு விடுதலைப் பத்திரம் இருக்கிறது. சார்பதிவாளர் முன் பதிய வேண்டும். வெள்ளைத் தாளில் வாங்கிய கைநாட்டுக்கு மதிப்பில்லை. வேண்டும் என்றால் அளந்து கொடுப்பதுதான் முறை.

திரும்பும்போது வேனில் இடம் இருந்தால், நிலத்தை மறுபடி உழ நினைக்கிறவர் அந்தப் பழைய கூட்டாளி வீட்டிலேயே விதையையும் கேட்டுவிடலாம். குதிரைவாலி ஏக்கருக்கு 4 முதல் 5 கிலோ போதும். நன்றாகக் காயவைத்துக் கட்டிவைத்தால் புரட்டாசிப் பட்டத்துக்கு ஆகும்.