முள்காட்டுக் காற்சட்டை

முள்காட்டுக் காற்சட்டை என்பது முட்புதர் அடர்ந்த நிலத்தில் நெடுந்தூரம் நடப்பவர்கள் அணியும், தடித்த துணியாலான முழுநீளக் காற்சட்டை ஆகும். பேச்சு வழக்கில் பேண்ட் என்றே சொல்கிறோம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இது பறவை வேட்டைக்காரர்களுக்காக உருவானது. கவுதாரி, காடை போன்ற தரைவாழ் பறவைகள் ஆள் அரவம் கேட்டதும் பறப்பதில்லை, புதருக்குள் பதுங்கும். நாய்களை விட்டு அவற்றைக் கிளப்ப வேண்டும். நாயின் பின்னால் மனிதனும் புதருக்குள் புக வேண்டும். ஒரு நாளைக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் இப்படி நடக்கும்போது காற்சட்டையில் முதலில் கிழிவது தொடையின் முன்பக்கமும் முட்டியும்தான். அந்த இடத்தில் மட்டும் இரண்டாவது துணி வைத்துத் தைத்ததே இவ்வகைக் காற்சட்டையின் அடையாளம்.

இந்தியாவில் அந்த வேட்டைக்கு இடமில்லை. 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி கவுதாரி, காட்டுக் காடை, காட்டுக்கோழி ஆகியவற்றைச் சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும் முட்டை எடுப்பதும் குற்றமாகும். உணவகங்களில் வறுவலாகக் கிடைப்பது பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை. அது வேறு இனம். ஆனால் வேட்டைக்காரன் நடந்த அதே முள்காட்டில் வனக்காப்பாளரும், ஆடு மேய்ப்பவரும், தேன் எடுப்பவரும், பறவை நோக்குவோரும், தாவரவியல் மாணவர்களும் இன்றும் நடக்கிறார்கள். அவர்களுக்கு எப்படிப்பட்ட காற்சட்டை வேண்டும் என்பதை வேலூர்ப் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

முட்களின் வகை

துணியைத் தேர்வதற்கு முன் முள்ளை அறிய வேண்டும். வேலூரிலிருந்து ஆம்பூர் வரை பாலாற்றின் இருபுறமும் உள்ள தரிசுகளிலும் கரடுகளிலும் மூன்று விதமாகத் துன்பம் தரும் செடிகள் உள்ளன.

முதல் வகை குத்தும் முள். சீமைக் கருவேலம், நாட்டுக் கருவேலம், வெள்வேல், காரை ஆகியவற்றின் முள் நேரானது. சீமைக் கருவேல முள் 5 செ.மீ. வரை நீளும். இது துணியைக் கிழிப்பதில்லை. நெசவின் இழைகளுக்கு நடுவே நுழைந்து சதையில் ஏறுகிறது. காற்சட்டை முழுசாகவே இருக்கும், காலில் இரத்தம் வரும்.

இரண்டாவது கொக்கி முள். சூரை, இலந்தை, உண்ணிச்செடி ஆகியவை இவ்வகை. சூரையின் வளைந்த முள் துணியைப் பற்றிக்கொள்ளும். நாம் இழுக்க இழுக்கத் துணி கிழியும். பழகியவர்கள் சூரை பிடித்தால் ஓரடி பின்னால் நகர்ந்து விடுவித்துக்கொள்வார்கள். புதியவர்கள் முன்னே இழுப்பார்கள்.

மூன்றாவது ஒட்டிக்கொள்பவை. நாயுருவி விதையும் ஊசிப்புல்லும் சொரசொரப்பான துணியில் நூற்றுக்கணக்கில் ஏறிவிடும். ஊசிப்புல்லின் விதை ஈரம் பட்டால் திருகிக்கொண்டு உள்ளே துளைக்கும் அமைப்புடையது. கம்பளி, பின்னல் துணி, பஞ்சு எழும்பிய துணி எதுவும் இங்கே உதவாது.

குத்தும் முள்ளை அடுத்துள்ள மாணவர்கள் சிறு விஷயமாக நினைக்கக் கூடாது. இக்கட்டுரையாளர் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்ற மாணவர்களுடன் விரிஞ்சிபுரத்தை அடுத்த ஒரு கரட்டுக்குப் பறவை பார்க்கச் சென்றபோது, மெல்லிய விளையாட்டுக் காற்சட்டை அணிந்திருந்த ஒரு மாணவனின் முட்டியில் கருவேல முள் ஏறியது. வெளியே தெரிந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு நடந்தோம். முனை உள்ளேயே ஒடிந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து முட்டி வீங்கி மடக்க முடியாமல் போய், மருத்துவமனையில் மூட்டைத் திறந்து அந்தத் துணுக்கை எடுத்தார்கள். என்ன உடுத்தி வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லாதது அழைத்துச் சென்ற ஆசிரியரின் பிழை. அந்தப் பிழையே இக்கட்டுரைக்குக் காரணம்.

துணியின் எடையும் நெசவும்

துணியின் உறுதியை முதலில் காட்டுவது அதன் எடை. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது ஒரு கணக்கு. ஒரு சதுர கெஜம் எத்தனை அவுன்ஸ் என்பது மற்றொன்று. 1 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 34 கிராம். சட்டைத் துணி 4 அவுன்ஸ் அளவில் இருக்கும். தடித்த ஜீன்ஸ் 12 முதல் 14 அவுன்ஸ். அதாவது 400 கிராமுக்கு மேல்.

எடை மட்டும் போதாது. நெசவும் பார்க்க வேண்டும். ஒரே எடையுள்ள இரு துணிகளில் நெருக்கமாக நெய்ததே குத்தும் முள்ளைத் தடுக்கும். ஊடும் பாவும் ஒன்றுவிட்டு ஒன்று செல்லும் சாதா நெசவில் தடித்த நூலை இறுக்கி நெய்தால் அது கேன்வாஸ். இழைகள் சாய்வாக அமைந்து மூலைவாட்டில் கோடு தெரிந்தால் அது ட்வில். காக்கி டிரில், ஜீன்ஸ் இரண்டும் இக்குடும்பம். கேன்வாஸ் விறைப்பானது, குத்துக்கு நன்றாக நிற்கும். ட்வில் வளைந்து கொடுக்கும், நடைக்கு இதமானது.

கடையில் ஒரு சிறு சோதனை செய்யலாம். துணியை ஒற்றையாக வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசிமுனை போல் ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் முள்ளுக்கும் அதுவே வழி. இழுபடும் ஜீன்ஸ் துணியில் ரப்பர் போன்ற எலாஸ்டேன் இழை கலந்திருக்கும். இழுபடும்போது நெசவு திறந்துகொள்கிறது. உட்காரும்போது முட்டியில்தான் அது அதிகம் இழுபடும். முள்காட்டுக்கு அது ஏற்றதல்ல.

செயற்கை இழைகளில் நைலான் உராய்வைத் தாங்குவதில் பருத்தியை வெல்லும். இவற்றின் பருமன் டெனியர் என்னும் அளவால் குறிக்கப்படுகிறது. 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 500 அல்லது 1,000 டெனியர் நைலானை வெளிநாட்டு வேட்டைக் காற்சட்டைகளின் முன்பக்கத்தில் வைக்கிறார்கள். ஆனால் அதை அணிந்து நடந்தால் சரசரவென்று சத்தம் வரும். கவுதாரி நம்மைப் பார்க்கும் முன்பே கேட்டுவிடும். சமையல் நெருப்பின் பொறி பட்டால் நைலானும் பாலியெஸ்டரும் உருகித் தோலில் ஒட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வெயில்

வெளிநாட்டு அறிவுரைகள் நமக்கு அப்படியே பொருந்தாததற்குக் காரணம் வெயில். அங்கே வேட்டைப் பருவம் இலையுதிர் காலமும் குளிர்காலமும். மெழுகு பூசிய பருத்தித் துணி அவர்களுக்குப் பெரிய வரம். முள்ளும் நுழையாது, பனி ஈரமும் நுழையாது. வேலூரில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். மெழுகுத் துணிக்குள் கால் வெந்துவிடும். 14 அவுன்ஸ் ஜீன்ஸும் வியர்வையில் நனைந்து தொடையில் ஒட்டிக்கொண்டால் நடை தளரும். மழையில் நனைந்தால் காய ஒரு நாள் ஆகும்.

ஆகவே 8 முதல் 10 அவுன்ஸ் காக்கி டிரில், அதாவது சதுர மீட்டருக்கு 270 முதல் 340 கிராம் வரையிலான துணி, முன்பக்கம் மட்டும் இரட்டை என்பதே இப்பகுதிக்குத் தக்கது. பருத்தியோடு பாலியெஸ்டர் கலந்தது விரைவில் காயும். நிறம் மண் நிறமாகவோ மங்கிய பச்சையாகவோ இருக்கட்டும். காக்கி என்ற சொல்லே பாரசீகத்தில் தூசி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. 1840-களில் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய படைப்பிரிவு அந்நிறத்தை முதலில் சீருடையாக்கியது. இராணுவப் புள்ளி உடையைத் தவிர்ப்பது நல்லது. வனத்துறையினரிடம் தேவையில்லாத விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

தைக்கக் கொடுக்கும்போது

நமக்கு நல்ல வாய்ப்பு, எந்த ஊரிலும் தையல்காரர் இருக்கிறார். துணியை முதலில் நீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்ல வேண்டும், பருத்தி சுருங்கும். நடுத்தொடையிலிருந்து முட்டிக்கு ஒரு சாண் கீழே வரை இரண்டாவது துணி. அதற்குப் பழைய ஜீன்ஸின் பின்கால் பகுதி நன்றாக உதவும். அந்த ஒட்டுத்துணியின் அடிப்பக்கத்தை முழுவதும் மூடித் தைக்காமல் சிறிது திறந்துவிட்டால் உள்ளே சேரும் விதையும் மண்ணும் உதிர்ந்துவிடும்.

கவட்டையில் நான்கு தையலும் ஒரே புள்ளியில் கூடினால் பெரிய அடி எடுத்து வைக்கும்போது பிரியும். அங்கே சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தால் பிரியாது. காலின் உட்புறத் தையல் மடித்துத் தைத்த இரட்டைத் தையலாக இருக்க வேண்டும். நூல் பாலியெஸ்டர் நூலாக இருக்கட்டும். பருத்தி நூல் வியர்வையில் இற்றுவிடும். பாக்கெட் மூலைகள் முதலில் கிழியும் என்பதால்தான் 1873-ல் ஜேக்கப் டேவிஸும் லெவி ஸ்ட்ராஸும் செப்பு ஆணி அடித்த காற்சட்டைக்குக் காப்புரிமை பெற்றார்கள். நமக்கு அந்த மூலைகளில் நெருக்கத் தையல் போதும்.

அளவெடுக்கும்போது நின்றபடி மட்டும் பார்க்காமல் குந்தி உட்கார்ந்தும், நாற்காலி மேல் கால் வைத்தும் பார்க்க வேண்டும். குந்தும்போதும் கணுக்கால் மூடியிருக்க வேண்டும்.

தோலும் காலும்

சீமைக் கருவேலம் மெக்சிகோ, நடு அமெரிக்கா பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. 1870-களின் இறுதியில் கடப்பா பக்கம் விறகுக்காக விதைக்கப்பட்டு இங்கு பரவியது. அதன் தாயகத்தில் குதிரை வீரர்கள் காற்சட்டைக்கு மேல் தோலாலான கால் மூடி அணிவது வழக்கம். முட்புதரின் பெயராலேயே அதற்கு ஸ்பானிய மொழியில் சாப்பரேராஸ் என்று பெயர். மரம் இங்கே வந்தது, கால் மூடி வரவில்லை. தோலுக்குப் பேர்பெற்ற ஆம்பூரும் வாணியம்பாடியும் பேர்ணாம்பட்டும் பக்கத்தில் இருந்தும் வரவில்லை என்பதுதான் வியப்பு.

தோல் எந்த முள்ளையும் துணியைவிட நன்றாகத் தடுக்கும். முழுக் காற்சட்டையாக அணிய நம் வெயில் இடம் தராது; கணுக்காலிலிருந்து முட்டி வரை தனியே கட்டும் கால்காப்பாக அணியலாம். மாட்டுத்தோலைக் கிடைவாட்டில் பிளந்தால் மேலடுக்கு காலணிக்குப் போகும். கீழடுக்கு விலை குறைந்தது. வெல்டிங் செய்பவர்களின் கையுறையும் கால்காப்பும் அந்தக் கீழடுக்கில் செய்யப்படுபவை. அதே கால்காப்பு முள்காட்டுக்கும் போதுமானது. குரோம் முறையில் பதனிட்ட தோல் மென்மையாக இருக்கும். ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளால் பதனிட்டது நனைந்து காய்ந்தால் விறைத்துவிடும்; அது வாருக்கும் பைக்கும் ஏற்றது.

பூச்சியும் பாம்பும்

முள்ளைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஸ்கிரப் டைபஸ் எனப்படும் காய்ச்சல் வேலூர்ப் பகுதியில் மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர் மாதங்களிலும் காணப்படுகிறது. புதரிலும் புல்லிலும் இருக்கும் நுண்ணிய பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் இது பரவுகிறது. சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த புண் இடுப்பிலோ தொடை இடுக்கிலோ இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உரிய நேரத்தில் சிகிச்சை பெற்றால் குணமாகும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே காற்சட்டையின் அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது அழகாக இல்லாவிட்டாலும் அவசியம். வீடு திரும்பியதும் குளித்து, உடையை உடனே சோப்பிட்டுத் துவைக்க வேண்டும்.

சுருட்டை விரியன், கண்ணாடி விரியன் இரண்டும் இக்காடுகளில் உண்டு. அமெரிக்காவில் கிலுகிலுப்பைப் பாம்புகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஜீன்ஸ் துணி மூடிய இலக்கில் பாம்பு செலுத்திய நஞ்சு பாதிக்கு மேல் குறைந்தது. கணிசமான பங்கு துணியிலேயே வடிந்துவிட்டது. இறுக்கமான காற்சட்டையைவிடக் காலுக்கும் துணிக்கும் இடைவெளி விடும் தளர்ந்த காற்சட்டை இதில் மேல். ஆனாலும் கடிபட்டால் காற்சட்டையை நம்பிக் காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முன்னாளில் இந்தக் காடுகளில் நடந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டி வெறுங்காலோடுதான் போனார்கள். துணி கிழிந்தால் வாங்க வேண்டும், தோல் கீறினால் தானே ஆறும் என்ற கணக்கு. பதிலாக அவர்கள் இடுப்பில் முள்வாங்கி வைத்திருந்தார்கள். எவ்வளவு நல்ல காற்சட்டை அணிந்தாலும் அந்த இரும்புக் கருவி ஒன்று பையில் இருக்கட்டும். எடுத்த முள்ளை எறியாமல், முனை முழுதாக வந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.