எலும்பு சொல்லும் எடை

மாண்டு பல கோடி ஆண்டுகளான ஒரு விலங்கின் படத்தைக் காட்டி, அதன் எடை இத்தனை டன் என்று வகுப்பில் சொன்னேன். "அதை எந்தத் தராசில் நிறுத்தார்கள், ஐயா?" என்று கேட்டான் ஒரு மாணவன். நல்ல கேள்வி. அதற்கான விடை, மரம் வெட்டும் குடும்பங்களுக்குப் புதியதன்று.

இளம் ரப்பர் மரம் வெட்டுக்குத் தயாரா என்று எப்படி அறிகிறோம்? உயரத்தைப் பார்த்தா? இல்லை, அடிமரத்தின் சுற்றளவை அளக்கிறோம். விலங்கின் காலும் அப்படித்தான். கால் நீளம் உயரத்தைக் காட்டும். கால் பருமன் சுமையைக் காட்டும். சதை மக்கிவிடும். அந்தச் சுமையைத் தாங்கிய எலும்போ கல்லாகி நிலைத்துவிடும்.

1985-ஆம் ஆண்டில் ஆண்டர்சன், ஹால்-மார்ட்டின், ரஸ்ஸல் என்னும் மூவர் இதற்கு ஒரு கணக்கை வெளியிட்டனர். எலி முதல் யானை வரை, எடை தெரிந்த நாலுகால் பிராணிகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். முன்காலின் மேலெலும்பையும் பின்காலின் தொடையெலும்பையும் மிக மெலிந்த இடத்தில் சுற்றி அளந்து, இரண்டையும் கூட்டினர். அந்தக் கூட்டுத்தொகை இரு மடங்கானால் எடை சுமார் ஆறரை மடங்காகிறது என்று கண்டனர்.

பெர்லின் அருங்காட்சியகத்தில் மிக உயரமான டைனோசர் எலும்புக்கூடு ஒன்று நிற்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் தெண்டகுரு என்னும் இடத்தில் தோண்டி எடுத்தது. 1962-இல் கோல்பர்ட் என்ற அறிஞர் சிறிய உருவப்பொம்மையின் பருமனை அளந்து, அதன் எடை 78 டன் என்றார். பொம்மை சற்றுப் பருத்திருந்தாலும் கணக்கு ஏறிவிடும் அல்லவா? அதன் எலும்புச் சுற்றளவுகளோ 654, 730 மில்லிமீட்டர், கூட்டினால் 1,384. மூவரின் கணக்குப்படி எடை 29 டன்தான்! ஒரே விலங்கு, 49 டன் வேறுபாடு.

இதுவும் முடிந்த முடிவன்று. 2012-இல் காம்பியோனி, எவன்ஸ் இருவரும் மேலும் பல பிராணிகளை அளந்து, இம்முறையில் சராசரியாக 25 விழுக்காடு பிழை வரும் என்று காட்டினர். தம் கணக்கில் எவ்வளவு பிழை வரும் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான அளவை.

பால் நிறுக்கும்போது தராசு முள்ளைக் கண் கொட்டாமல் பார்க்கிறோம். புத்தகத்தில் வரும் எண்ணையும் அப்படியே பார்க்க வேண்டும். "எப்படி அளந்தார்கள்?" என்று உங்கள் பிள்ளை கேட்டால், அதட்டாதீர்கள். கோழித் தொடையெலும்பையும் ஆட்டுத் தொடையெலும்பையும் கொடுத்து, நூலால் சுற்றி அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.