திருப்பணிக்கு நிதியுண்டு, அதனைக் கற்பார்க்கு?

சிங்கப்பூர் ஃபேரர் பார்க் வட்டாரத்திற்குச் செல்வோர் சிராங்கூன் சாலையில் சீனிவாசப் பெருமாள் கோயிலின் கோபுரத்தைக் காணாது திரும்புதல் இயலாது. 1855-ஆம் ஆண்டளவில் தோன்றிய இக்கோயில் 1978-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. 2018-இல் இதற்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. அண்மையிலுள்ள லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் 1989 முதல் பாதுகாப்புப் பகுதியாகக் காக்கப்படுகின்றன. ஆகவே, பழமையைப் பேணுதற்குச் சட்டம் உண்டு. பணமும் ஓரளவு உண்டு. நினைவுச் சின்னங்களின் செப்பத்திற்கென 2008-இல் அரசு ஒரு நிதியை ஏற்படுத்தி, முதல் ஐந்தாண்டுக்கு 50 இலட்சம் வெள்ளி ஒதுக்கியது. அன்பர்தம் நன்கொடையோ என்றும் குறைந்ததில்லை.

கட்டடத்திற்குப் பணம் இவ்வாறு வருகின்றது. கட்டடத்தைக் காக்கும் கலையைப் பட்ட மேற்படிப்பாகப் பயில விரும்பும் இளைஞனுக்கு அது எங்கிருந்து வரும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

'செப்பனிடுதற்குப் படிப்பு எதற்கு? தமிழ்நாட்டிலிருந்து தபதியார் வருவாரே' எனச் சிலர் வினவலாம். தபதியாரின் கல்வி பெரிது. அதனைக் குறைத்துரைப்பார் அறியாதார். 1957-இல் மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி நிறுவப்பட்டதும் அக்கல்வி அறாமைப் பொருட்டேயாம். ஆயினும் புதிது படைக்கும் அறிவு வேறு. பழையதன் நோயறியும் அறிவு வேறு. பழங்கடைவீட்டின் சுவர் செங்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டது. நிலத்தினின்று ஏறும் ஈரத்தைச் சுண்ணம் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமிட்டி பூசினாலோ ஈரம் உள்ளே அடைபட்டு, அதனொடு வந்த உப்பு படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். புதுப்பூச்சு பூசிய சில ஆண்டுகளில் சுவர் உதிர்வதன் காரணம் பல இடங்களில் இதுவே. வண்ணப் படலங்களைச் சுரண்டுமுன் அவற்றைப் பதிவு செய்தல், எந்தப் பகுதி எந்தக் காலத்தது எனத் துணிதல், வேண்டாதவிடத்துக் கைவையாதிருத்தல் ஆகிய இவையும் அப்படிப்பின் கூறுகளாம். கைவையாதிருத்தலைக் கற்பிப்பதே கடினம் என்பது என் கருத்து!

அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1964-இலேயே இத்துறையில் பாடம் தொடங்கியது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பாதுகாப்புக்கான முதுகலைப் படிப்பு 2018-இல்தான் அமைந்தது. அதற்குமுன் வெளிநாடு செல்வதே வழியாயிருந்தது.

இனி, இடர்ப்பாடு யாதெனின் அதனை விளக்குவோம். மேற்படிப்பு இருவகை. ஆய்வுவழிப் பட்டம் பயில்வார்க்குப் பல்கலைக்கழகங்களே பெரும்பாலும் உதவித்தொகை அளிக்கும். அவர்தம் ஆய்வு பல்கலைக்கழகத்தின் ஆக்கமாகக் கருதப்படுதலின். பாடவழிப் பட்டமோ பயில்வான் தொழிலில் உயர்தற்கு உதவுவது. ஆகவே கட்டணம் அவன் பொறுப்பு என்பது பொதுவழக்கு. வணிகமும் சட்டமும் பயின்றோர் பின்னர் ஈட்டிக் கடன் தீர்த்துவிடுவர். பழங்கட்டடப் பாதுகாப்பும் பெரும்பாலும் பாடவழிப் படிப்பே; ஊதியமோ அவ்வளவினதன்று. வறுமை நோக்கி வழங்கும் படிப்புதவியும் இங்கு முழுதும் பொருந்துவதில்லை. 1991-இல் தோன்றிய சிண்டா போன்ற அமைப்புகளின் முதற்கவலை பள்ளிப் பிள்ளைகளைக் கைதூக்கிவிடுதல், அது முறையே.

இந்தியாவில் நிலை சற்று வேறு. 'கேட்' தேர்வில் தேறி, ஏற்பளிக்கப்பட்ட கல்லூரிகளில் கட்டடக்கலை முதுகலை பயில்வார்க்குத் திங்கள்தோறும் 12,400 ரூபாய் அளிக்கும் முறை அங்குண்டு. வெளிநாட்டுப் படிப்பிற்கு உதவிய ஓர் அறக்கட்டளையின் கதை சுவையானது. கல்கத்தாவில் வணிகம் செய்து பொருளீட்டிய சார்லஸ் வாலஸ் என்னும் ஆங்கிலேயர் 1916-இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற செல்வத்தைக் கொண்டு 1981-இல் இந்தியர்க்கென ஓர் அறக்கட்டளை அமைந்தது. கலை, மரபுப் பாதுகாப்பு முதலிய துறைகளில் இந்தியர் பிரிட்டனில் பயில அது துணைபுரிந்தது. ஈட்டிய நாட்டிற்கே செல்வம் கல்வியாகத் திரும்பியது எனலாம். ஆயின் அது இந்தியக் குடிமக்களுக்கானது. சிங்கப்பூர்த் தமிழ் மாணவனுக்குப் பயன்படாது.

நம் மரபிலோ இதற்கு வழியில்லாமலில்லை. முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் நிலம் விட்டதைக் கூறுகின்றது. இளமாணவர்க்கு நாளொன்றுக்கு நெல் 6 நாழி. மேல்வகுப்பினர்க்கு 1 குறுணி 2 நாழி, அஃதாவது 10 நாழி. மேற்படிப்பிற்குக் கூடுதல் வேண்டும் என்பதனை அக்காலத்தார் அளந்தே வைத்தனர். அந்நிவந்தம் கோயிலொடு சார்ந்தது என்பதும் நோக்கத்தக்கது.

அவ்வாறே இன்றும் ஒவ்வொரு திருப்பணி நிதியிலும் ஒரு சிறு பங்கினைப் படிப்பிற்கெனத் தனியே வைப்பின் என்ன? பணிக்கட்டு விதிக்க வேண்டியதில்லை. பயில்வோர் தம் ஆய்வேட்டிற்கு இங்குள்ள கோயில் ஒன்றையோ, பள்ளிவாசல் ஒன்றையோ, கடைவீட்டு வரிசையையோ எடுத்து அளந்து வரைந்து, அப்படங்களின் படியொன்றை உரியவரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்ற ஒரு விதி போதும். அடுத்த திருப்பணியின்போது தபதியார் கையில் அப்படம் இருக்கும். ஆசிரியப் பெருமக்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு: கட்டடக்கலையிலோ வரலாற்றிலோ நாட்டமுள்ள மாணவர்க்கு இப்படிப்பு உண்டென்பதை இளங்கலை முடியுமுன்னரே சொல்லிவைத்தல். உதவித்தொகை விண்ணப்பங்கள் பலவும் படிப்புத் தொடங்குதற்குப் பல திங்கள் முன்னரே முடிந்துவிடுகின்றன.

குடமுழுக்கு பன்னீராண்டுக்கு ஒருமுறை நிகழ்வது வழக்கம். ஈராண்டுக்கு ஒருவர்க்கு உதவினும், ஒன்றற்கும் அடுத்ததற்கும் இடையே அறுவர் கற்று வந்திருப்பர்.