சந்தேகப் பித்து

நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாளில், எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளிக் குடியிருந்த சிநேகிதன் ஒருவனுக்குப் பத்து வயதிலேயே ஓர் உத்தியோகம் இருந்தது. சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் புத்தகப் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு, முற்றத்துக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, அவனுடைய அம்மாவின் கைகளில் செம்பால் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாயின் திருகை அந்த அம்மாள் தொடமாட்டாள். தொட்டால் கழுவின கையைத் திரும்பவும் கழுவ நேரும். செம்பையும் தொடமாட்டாள். முழங்கை வரைக்கும் சோப்பு நுரையும், விரலிடுக்குகளில் வெளுத்து ஊறிப் பிளந்துபோன தோலும், அந்தப் பிளவுகளில் சோப்பு எரியும்போது முகத்தில் ஓடுகிற சுளிப்புமாக அவள் உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. பத்துச் செம்பு கணக்கு. நடுவில் எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து ஆரம்பம். கடைசிச் செம்பு ஆனதும் நிமிர்ந்து பார்த்து, "கை செம்புல படலியேடா?" என்பாள். "படலைம்மா" என்பான் அவன். "நல்லாப் பாத்தியா?" "பாத்தேம்மா, படலை." அரை நிமிஷம் பேச்சிருக்காது. பிறகு, "எதுக்கும் இன்னொரு செம்பு ஊத்து."

தெருவில் அவளுக்கு இரண்டு பெயர் வழங்கிற்று. பிரியமுள்ளவர்கள் ஆசாரமான மனுஷி என்றார்கள். பிரியமில்லாதவர்கள் சுத்தப் பைத்தியம் என்றார்கள். இரண்டும் தப்பு. அந்த அம்மாளுக்கு இருந்தது இன்றைக்கு வைத்தியர்கள் ஓ.சி.டி. என்றும், பத்திரிகைகள் எண்ணச்சுழற்சி நோய் என்றும் சொல்கிற வியாதி. அதுவும் அதன் தீவிரமான நிலை. நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேரை வாழ்நாளில் ஒரு சமயம் பிடிப்பதும், பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலோ வாலிபத்திலோ தலைகாட்டுவதுமான இந்த நோயை, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வைத்தியர்கள் 'சந்தேகப் பித்து' என்று அழைத்தார்கள். பிற்காலத்துப் பெயர்கள் எல்லாவற்றையும்விட அந்தப் பழைய பெயர்தான் நோயின் மர்மத்தைத் தொட்டது என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் இது அழுக்கைப் பற்றிய நோயே அல்ல. நிச்சயம் கிடைக்காத நோய்.

இதற்கு ஒரு பிரத்தியட்ச உதாரணம் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருக்கிறது. ஜான் பன்யன் என்ற சமயப் பிரசங்கி 1666-இல் வெளியிட்ட தம் சுயசரிதத்தில் தம் வாலிப காலத்துச் சங்கதி ஒன்றைச் சொல்கிறார். கோயில் மணி அடிப்பதில் அவருக்கு மிகுந்த ஆசை. ஆனால் அது வீண் பொழுதுபோக்கு என்று மனசாட்சி உறுத்தவே, அடிப்பதை விட்டுவிட்டு மற்றவர்கள் அடிப்பதை வேடிக்கை பார்க்கப் போனார். மணி அறுந்து தலையில் விழுந்தால்? குறுக்கு உத்தரத்தின் கீழே போய் நின்றார். மணி சுவரில் மோதித் தெறித்து வந்தால்? கோபுர வாசற்படிக்கு நகர்ந்தார். கோபுரமே சரிந்தால்? ஓடியே போய்விட்டார். ஒவ்வோர் அடியிலும் அவர் செய்த பந்தோபஸ்து நியாயமானதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் ஒவ்வொரு பந்தோபஸ்தும் அடுத்த சந்தேகத்துக்கு வாசல் திறந்துவிட்டது. பன்யனுக்கு இந்த நோய்தான் என்று முந்நூற்றைம்பது வருஷத்துக்கு அப்பாலிருந்து சாட்சிப் பத்திரம் எழுதித்தர எனக்குத் தைரியமில்லை. ஆயினும் நோயின் நடை இதுதான்: வேண்டாத ஓர் எண்ணம் அழையாமல் வந்து உட்காரும், அதனால் உண்டாகிற தவிப்பைத் தணிக்க ஒரு காரியம் செய்யத் தோன்றும், செய்தால் தவிப்பு கொஞ்சம் அடங்கும், அந்தச் சிறிய ஆசுவாசமே மறுபடியும் அதைச் செய்யச் சொல்லும் கட்டளையாகி விடும்.

எண்ணம் எந்த வேஷத்தில் வரும் என்பது வீட்டையும் காலத்தையும் பொறுத்தது. ஆசாரம் பார்க்கும் குடும்பத்தில் தீட்டு என்று வரும். இஸ்லாமியக் குடும்பத்தில், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு கூடியதா கூடவில்லையா என்று வரும், அதற்கு வஸ்வாஸ் என்று அவர்களிடம் ஒரு பெயரே உண்டு. எய்ட்ஸ் பயம் உலகைப் பிடித்த நாளில் எய்ட்ஸ் என்றே வந்தது. சிலருக்குக் காஸ் அடுப்பை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்பதுதான் கேள்வி. சாமி படத்தைக் கும்பிடும்போதே நாகூசும் சொல் மனசில் எழுந்து, அதற்குப் பிராயச்சித்தமாக நூறு தடவை கன்னத்தில் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. எல்லாவற்றிலும் கொடியது, கைக்குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு, காய் நறுக்கும் கத்தியைக் கண்டதும், 'குழந்தையைக் குத்திவிடுவேனோ' என்று தோன்றுவது. அவள் கத்தியை ஒளித்துவைப்பாள், விஷயத்தைப் புருஷனிடமும் சொல்லமாட்டாள், தன்னை ஒரு ராட்சசி என்று நம்பி உள்ளுக்குள்ளே கருகுவாள். இவ்விதமான எண்ணத்துக்காக இப்படி நடுங்குகிறவள் அதைச் செய்யும் மனம் படைத்தவளே அல்ல என்பதுதான் வைத்தியர்களின் அனுபவம். லண்டனில் ராக்மன் என்பவரும், இலங்கையிலிருந்து அங்கே சென்று பணியாற்றிய மனோதத்துவ நிபுணர் பத்மல் டி சில்வாவும் 1978-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், நோயே இல்லாத சாதாரண மனிதர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கும் இதே மாதிரி விபரீத எண்ணங்கள் வந்துபோவதாகக் கண்டார்கள். நமக்கு அவை வழிப்போக்கர்கள். நோயாளிக்கு வீட்டுக்குள் வந்து பாய் விரித்துக்கொள்பவர்கள்.

இதை எப்படித் தீர்ப்பது? 1960-கள் வரை, மனோவிசாரணை, மின்னதிர்ச்சி, மூளையில் கத்தி வைப்பது என்று எதைச் செய்தும் பெரிய பலன் காணாமல், தேறாத நோய் என்றே இதை எழுதிவைத்திருந்தார்கள். அப்போது லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் விக்டர் மேயர் என்பவர், பார்வைக்குக் குரூரமாகத் தோன்றக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தார். அழுக்குப் பயத்தால் ஓயாமல் கழுவிக்கொண்டிருந்த ஒரு பள்ளி ஆசிரியையை ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவள் அறைக் குழாயை மூடிவைத்து, விழித்திருக்கும் நேரமெல்லாம் நர்சுகளைத் துணைக்கு வைத்து, எதைத் தொட அஞ்சினாளோ அதையே தொடச் செய்து, தொட்ட பின் கழுவ விடாமல் தடுத்தார். தெய்வ நிந்தையான எண்ணங்களால் பீடிக்கப்பட்ட இன்னொரு பெண்ணுக்கும் இதே வழி. இருவரும் தேறினார்கள், 1966-இல் அந்த விவரம் அச்சேறியது. 1974-இல் அவரும் சகாக்களும் பதினைந்து நோயாளிகளின் கதையை வெளியிட்டபோது, பத்துப் பேருக்கு நோய் அறவே நீங்கியோ வெகுவாகக் குறைந்தோ இருந்தது.

உபாயத்தின் தத்துவம் எளிது, அனுஷ்டிப்பதுதான் கஷ்டம். தொட்டவுடன் தவிப்பு கிடுகிடுவென்று ஏறும், இனிப் பொறுக்கவே முடியாது என்று தோன்றும், நோயாளி அந்த உச்சியிலேதான் எப்போதும் கழுவ ஓடியிருக்கிறானாதலால் அப்புறம் என்ன நடக்கும் என்று அவன் ஆயுளில் கண்டதில்லை. கழுவாமல் உட்கார்ந்திருந்தால், தவிப்பு தானாகவே இறங்குகிறது. பல நாள் பழகினால், இறங்காத தவிப்பையும் சுமந்துகொண்டு அடுத்த வேலையைப் பார்க்க முடிகிறது. எடுத்தவுடன் பெரிய பயத்தில் தள்ளாமல், நோயாளியின் சம்மதத்தோடு, சின்னதிலிருந்து படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவதே இன்றைய முறை.

மருந்தும் உண்டு. க்ளோமிப்ரமின் என்ற மாத்திரை 1960-களின் பிற்பகுதியிலிருந்தே இந்நோய்க்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. பிற்பாடு ஃப்ளுவாக்ஸெடின், ஃப்ளுவாக்ஸமின், செர்ட்ரலின் முதலியவை வந்தன. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைக் காட்டிலும் அதிக அளவு தேவைப்படும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் வாரமே, 'ஒன்றும் கேட்கவில்லை' என்று மாத்திரையைக் குப்பையில் போடுகிறவர்கள் மிக அதிகம். சாப்பிடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது பேருக்கு நல்ல குணம் தெரிகிறது. பயிற்சியால் மூளையில் ஏதாவது மாறுமா என்று கேட்பவர்களுக்கு, 1992-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பாக்ஸ்டர் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்த பரிசோதனை பதில் சொல்லும்: குணமடைந்தவர்களின் மூளைப் படங்களில், காடேட் என்ற உட்பகுதியின் அதிவேகம் தணிந்திருந்தது. மாத்திரையால் குணமடைந்தவர்களுக்கும் அப்படி, வெறும் பயிற்சியால் குணமடைந்தவர்களுக்கும் அப்படி.

தீவிரம் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. பத்துக் கேள்விகள், நாற்பது மார்க்கு. இருபத்துநாலை எட்டினால் தீவிரம், முப்பத்திரண்டை எட்டினால் மிகத் தீவிரம். நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் கழுவுவதிலும் சரிபார்ப்பதிலும் போக்குகிறவர்கள் அந்த மேல்படியில் இருக்கிறார்கள். இவர்களுக்கு மருந்தும் பயிற்சியும் சேர்ந்தே வேண்டும். சிலரை உள்நோயாளியாகச் சேர்க்க நேரும். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இதற்கென்றே தனிக் கிளினிக் நடக்கிறது. எதற்கும் மசியாத வெகு சிலருக்கு, மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்கம்பி பதித்துத் தூண்டும் முறையைப் பெல்ஜியத்து லூவன் வைத்தியர்கள் 1999-இல் அறிவித்தார்கள். அது கடைசிக் கதவு. முதல் கதவு எங்கே என்று தெரியாதவர்கள் 14416 என்ற அரசாங்க டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய்து, தமிழிலேயே கேட்கலாம்.

சிநேகிதனின் அம்மாவை எந்த வைத்தியரிடமும் காட்டவில்லை. வேப்பிலை அடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், கடைசியில் பழகிப்போனார்கள். பழகிப்போவதுதான் வீட்டார் செய்யும் பெரிய பிசகு. அன்பினால் செய்கிற பிசகு. தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதும், "படலைம்மா" என்று ஆறுதல் சொல்வதும் சோப்புக்கட்டியைப் போலவே நோயின் சாமான்கள்தான். கேள்விக்குப் பதில் கிடைக்கக் கிடைக்கக் கேள்வி கொழுக்கும். இது அவனுக்குத் தெரியவர நாற்பது வருஷம் ஆயிற்று.

எப்படித் தெரிந்தது என்றால், இந்த நோய் சில குடும்பங்களில் தலைமுறையாக இறங்குவதுண்டு; அவன் தங்கையின் மகளுக்கு வந்துவிட்டது. காலேஜில் படிக்கிற பெண். ஆனால் இவள் சிகிச்சையில் இருக்கிறாள். போன மாசம் அவன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, அன்றைய பயிற்சி குளியலறைத் தாழ்ப்பாளைத் தொடுவது. தொட்டுவிட்டுக் கழுவாமல் கூடத்தில் வந்து உட்கார வேண்டும். தொட்டாள், உட்கார்ந்தாள், கையை உடம்பிலிருந்து தள்ளி அந்தரத்தில் பிடித்துக்கொண்டாள். மணி நாலு இருபது. "மாமா, ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள். "ஆகாதும்மா" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்ததாம். நாற்பது வருஷப் பழக்கம். பதில் சொல்லக்கூடாது என்று வைத்தியர் கண்டித்துச் சொல்லியிருந்தார். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தானாம். அவள் இன்னும் இரண்டு தடவை கேட்டாள், ஒரு தடவை அழுதாள், அப்புறம் சும்மா இருந்தாள். ஐந்து மணிக்கு ஏழெட்டு நிமிஷம் இருக்கையில் கை மெதுவாக மடியில் இறங்கிற்று. எதிரே தட்டில் முறுக்கு இருந்தது. அதே கையால் ஒன்றை எடுத்து ஒடித்து, பாதியை மாமனிடம் நீட்டினாள்.