தகுதி யாருக்கு?

"தகுதியுள்ளதே தங்கும், தகுதியற்றது தானே மறையும்!"

கூலி உயர்வு கேட்டால் இந்தப் பாட்டு. வேலை நேரத்தைக் குறைக்கச் சொன்னால் இந்தப் பாட்டு. ஏழைக்குப் பள்ளி, நோயாளிக்கு மருத்துவமனை என்றால் அப்போதும் இதே பாட்டு! இயற்கையின் சட்டமாம், டார்வினே சொல்லிவிட்டாராம்!

தோழர்களே! அந்தச் சொற்றொடரைப் படைத்தவர் டார்வின் அல்லர். 1864-இல் தமது உயிரியல் நூலில் அதை எழுதியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயர். 1869-இல் வெளிவந்த தம் நூலின் ஐந்தாம் பதிப்பில்தான் டார்வின் அதை எடுத்து ஆண்டார். பாட்டைக் கட்டியவர் எப்படி வாழ்ந்தார் என்று பார்த்துவிட்டல்லவா நாம் பதில் சொல்ல வேண்டும்?

1820-இல் டார்பி நகரில் ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர் ஸ்பென்சர். பல்கலைக்கழக வாயிலை மிதிக்காதவர். 17 வயதில் லண்டன்–பர்மிங்காம் இரயில் பாதை வேலைக்குப் போனார். பாதை போட மலையை வெட்டிய இடங்களில் பழங்கால உயிர்களின் கல்லுருவங்கள் கிடைத்தன. அவற்றைச் சேர்த்தார், அவை எதைச் சொல்கின்றன என்றறிய லயல் எழுதிய நிலநூலை வாங்கிப் படித்தார். உயிரினம் மாறி வளர்கிறது என்ற லமார்க்கின் கருத்தை அதில் லயல் மறுத்திருந்தார். படித்த ஸ்பென்சரோ, மறுத்தவரை விட்டுவிட்டு மறுக்கப்பட்டவர் பக்கம் சாய்ந்தார்! கண்டனக் கூட்டம் கேட்கப் போய்க் கழகத்தில் சேர்ந்து திரும்பிய தோழர்கள் நம்மிலும் உண்டே!

பிறகு 'எகானமிஸ்ட்' ஏட்டில் துணையாசிரியர். 1851-இல் முதல் நூல், 'சமுதாய நிலையியல்'. நிலம் தனியொருவன் உடைமையாவது நீதியன்று என்றார் அதில். பெண்ணுக்கும் ஆணுக்கும் உரிமை ஒன்றே என்றார். 30 வயது வாலிபரின் எழுத்து! வயதேற வயதேற அந்த வேகம் தணிந்தது. 1892-இல் அந்நூலைச் சுருக்கி வெளியிட்டபோது நிலத்தைப் பற்றிய அதிகாரமே காணாமற்போயிற்று. அமெரிக்கச் சீர்திருத்தக்காரர் ஹென்றி ஜார்ஜ் அதைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார்.

ஆனால் அறிவுலகுக்கு அவர் தந்ததை நாம் குறைத்துப் பேச மாட்டோம். டார்வினின் நூல் வந்தது 1859-இல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, விண்மீன் முதல் விதை வரை, மொழி முதல் அரசு வரை, யாவும் எளிமையிலிருந்து பன்மைக்கு வளர்கின்றன என்று எழுதியவர் அவர். 1862-இல் தொடங்கி 1896 வரை அந்த ஒரே கருத்தை உயிரியல், உளவியல், சமூகவியல், ஒழுக்கவியல் என்று தொகுதி தொகுதியாக விரித்தார். அதுவும் நரம்பு தளர்ந்த உடம்போடு! நாளுக்குச் சில மணி நேரமே உழைக்க முடியும். பேச்சு சூடேறினால் தூக்கம் கெடும் என்று காதில் அடைப்பான் வைத்துக்கொள்வாராம். எதிர்வாதத்துக்கு இதைவிட எளிய விடை ஏது!

இனிக் கேட்போம்: இந்த மெலிந்த மனிதரைத் தாங்கியது எது? 1853-இல் சிற்றப்பா இறந்து 500 பவுன் வைத்துவிட்டுப் போனார். அதை நம்பித்தான் வேலையை விட்டார். 1866-இல் நூல் வரிசைக்குச் சந்தா குறைந்தது, நிறுத்திவிடுகிறேன் என்றார். நட்டத்தை நான் ஏற்கிறேன் என்று முன்வந்தார் ஜான் ஸ்டூவர்ட் மில். அதை ஸ்பென்சர் மறுத்தார். அமெரிக்க நண்பர்கள் திரட்டிய 7000 டாலர் வந்தது, ஏற்றார். தவறில்லை! அந்தக் கை தாங்கியதால்தான் அந்த மூளை நமக்குக் கிடைத்தது.

தனியார் ஈகையை அவர் தடுக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அரசு தலையிடலாகாது என்பதே அவர் வாதம். பொதுப் பணத்தில் பள்ளி வேண்டாம், ஏழைகளுக்கு அரசு உதவி வேண்டாம், தொழிற்சாலைச் சட்டம் அடிமைத்தனத்துக்குப் படிக்கட்டு என்று 1884-இல் 'அரசுக்கு எதிரே மனிதன்' நூலில் வாதாடினார். சரி, 500 பவுன் வைத்துவிட்டுப் போகச் சிற்றப்பா இல்லாதவன் என்ன செய்வான்? தொழிலாளிக்குச் சங்கமும் சட்டமுமே சிற்றப்பா!

'தகுதி' என்பதன் பொருளையும் பாருங்கள். சூழலுக்குப் பொருந்துவதே இயற்கையில் தகுதி. உயர்வு தாழ்வுக்கு அங்கே வேலையில்லை. மூட்டைப்பூச்சி நம் கட்டிலில் கொழுத்து வாழ்கிறது. அதனால் அது நம்மினும் மேலானதா?

1882-இல் ஸ்பென்சர் அமெரிக்கா சென்றார். செல்வர்கள் நியூயார்க்கில் விருந்து வைத்தார்கள். அங்கே எழுந்து, அளவுக்கு மீறி உழைக்கிறீர்கள், ஓய்வு தேவை என்றார் அவர்! அதே நியூயார்க் மாநிலத்தில், ரொட்டிக்கடைத் தொழிலாளிக்கு நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணிக்கு மேல் வேலை கூடாது என்று 1895-இல் சட்டம் வந்தது. 1905-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறம் நால்வர் மறுபுறமாக, அதை வெட்டிச் சாய்த்தது. மறுத்தெழுதிய நீதிபதி ஹோம்ஸ், நமது அரசியல் சட்டம் ஸ்பென்சரின் 'சமுதாய நிலையியல்' அன்று என்று இடித்துரைத்தார். விருந்து மண்டபத்தில் ஓய்வு. அடுப்படியில் 'ஒப்பந்தச் சுதந்தரம்'! அந்தப் போக்கை நீதிமன்றம் கைவிட 1937 வரை ஆயிற்று.

இதே ஸ்பென்சர்தான் பேரரசு வெறியை வெறுத்தார். போயர் போரைக் கண்டித்தார். லண்டனிலிருந்து இந்திய விடுதலைக்கு உழைத்த சியாம்ஜி கிருஷ்ண வர்மா, 1905-இல் தொடங்கிய தம் ஏட்டின் முகப்பில் ஸ்பென்சரின் வாசகங்களைப் பொறித்தார்.

ஒரு பெண்மணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைப் பருவம் முதல் ஸ்பென்சரிடம் பாடம் கேட்டவர் பியாட்ரிஸ் பாட்டர். தம் எழுத்துகளுக்குப் பொறுப்பாளராக அவரையே குறித்திருந்தார் ஸ்பென்சர். ஆனால் சமதர்மவாதி சிட்னி வெப்பை மணக்கப் போகிறார் என்றதும் அந்தப் பொறுப்பைப் பறித்துவிட்டார். பியாட்ரிஸ் நட்பை முறித்துக்கொள்ளவில்லை. பிரைட்டனில் நோயுற்றுக் கிடந்த கிழவரைப் போய்ப் பார்த்தார். 1903 டிசம்பர் 8-இல் ஸ்பென்சர் மறைந்தார். ஏழ்மையை ஒழிப்பது அரசின் கடமை என்று 1909-இல் வாதாடிய அறிக்கை, அந்த மாணவியின் கையால் உருவானது.

ஸ்பென்சரின் சாம்பல் லண்டன் ஹைகேட் இடுகாட்டில் இருக்கிறது. பாதைக்கு எதிர்ப்புறம் கார்ல் மார்க்சின் கல்லறை.