மொட்டை மாடியில் பூ மாநாடு

குளிர் வந்தால் கொல்கத்தாவின் மாடிகளில் செவ்வந்தியும் டேலியாவும் வாய்ப்பேச்சும் களைகட்டுகின்றன. குறைந்துகொண்டு வருவது மாடிதான்.

காளி பூஜையின் பட்டாசுப் புகை அடங்கியதும் கொல்கத்தா வீடுகளின் பரணிலிருந்து இரண்டு பொருள்கள் கீழே இறங்கும். ஒன்று, காதையும் கழுத்தையும் சேர்த்து மூடும் குரங்குக் குல்லா. மற்றது, ஒரு கட்டு மூங்கில் குச்சி. குல்லாவைப் பற்றி நாடு முழுவதும் கேலி உண்டு. ஜனவரியில் 12, 13 டிகிரிக்கு இறங்கும் குளிருக்கா இத்தனை பயம் என்று டெல்லிக்காரர்கள் சிரிப்பார்கள். குச்சியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. பெரிய பூவின் கனம் தாங்காமல் டேலியாத் தண்டு ஒடிந்துவிடாமல் இருக்க அந்தக் குச்சிதான் முட்டு.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்த நகரத்தில் தோட்டம் என்றால் மொட்டை மாடி. தரையில் ஒரு சாண் மண்கூட இல்லாத சந்துகளில், மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டித் தொட்டிகள் அணிவகுக்கின்றன. ஓய்வுபெற்ற குமாஸ்தா, பள்ளி ஆசிரியை, மளிகைக் கடைக்காரர், மருமகளிடம் சமையலறையை ஒப்படைத்துவிட்ட மாமியார் என்று யார் வேண்டுமானாலும் இதில் சேர்த்தி.

வடக்குக் கொல்கத்தாவின் பழைய தெருக்களில் எதிரெதிர் மாடிகளுக்கு நடுவே சில அடி தூரம்தான். குரலை உயர்த்தாமலே பேசலாம். காலைப் பனிமூட்டம் கலைவதற்குள் பேச்சு ஆரம்பமாகிவிடும். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதல் கேள்வி மொட்டு எத்தனை என்பதுதான். 'ஜாப் போக்கா' எனப்படும் அசுவினிப் பூச்சி செவ்வந்திக் கொழுந்தில் அப்பிக்கொண்டால், இந்த மாடி மாஷிமா சோப்புத் தண்ணீர் தெளிக்கச் சொல்வார். அந்த மாடி தாதா வேப்பெண்ணெயே மேல் என்று அடித்துச் சொல்வார். பக்கத்து வீட்டு போவ்தி இரண்டும் வேண்டாம், விரலால் நசுக்கினால் போதும் என்று முடித்துவிடுவார். வங்காளிகளின் புகழ்பெற்ற 'அட்டா'வுக்கு டீக்கடையும் திண்ணையும்தான் இடம் என்று நினைப்பவர்கள் ஒரு டிசம்பர் காலையில் மாடியேறிப் பார்க்க வேண்டும்.

பேச்சின் நாயகி 'சந்திரமல்லிகா'. நாம் பூஜைக்குத் தொடுக்கும் செவ்வந்தியின் அக்காள்தான், ஆனால் ஒரு பூவே குழந்தையின் தலை அளவு இருக்கும். வெள்ளையில் ஸ்னோபால், கஸ்தூர்பா காந்தி. மஞ்சளில் சந்திரமா, சோனார் பங்ளா. இளஊதாவில் மகாத்மா காந்தி என்று ரகங்களின் பெயரைக் குடும்பத்தினரின் பெயர்போல உச்சரிக்கிறார்கள்.

பூ நிற்பது இரண்டு மூன்று வாரம்; அதற்கு உழைப்பது ஆண்டு முழுவதும். பூத்து ஓய்ந்த செடியை வெட்டிவிட்டால் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். அவற்றைப் பிரித்துக் கோடை வெயிலிலிருந்து காப்பாற்ற வேண்டும். ஜூன், ஜூலையில் நுனிக்கொழுந்தைக் கிள்ளி மணலில் நட்டு வேர்பிடிக்க வைக்க வேண்டும். வங்காள மழை அவற்றை அழுகவிடாமல் பார்ப்பது அடுத்த சோதனை. மழை தணியும் நேரத்தில் 10 அங்குலத் தொட்டிக்கு மாற்றி, பக்க மொட்டுகளை ஈவிரக்கமில்லாமல் கிள்ளி எறிந்தால்தான் ஒரு தண்டுக்கு ஒரு பெரிய பூ. முதன்முறை வளர்ப்பவர்களுக்கு இந்தக் கிள்ளல்தான் கை வராத வேலை. பத்து சிறு பூவை இழந்து ஒரு பெரிய பூவைப் பெறுவதா என்ற வாதம் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆண்டுதோறும் பெரிய பூவே ஜெயிக்கிறது.

உரம் விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடு குறைவு. கடுகு எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் பிண்ணாக்கைத் தண்ணீரில் ஒரு வாரத்துக்கு மேல் ஊறவைத்து, பாலில்லாத டீயின் நிறம் வரும்வரை நீர் கலந்து ஊற்றுகிறார்கள். தழைச்சத்து நிறைந்த இந்தக் கஷாயம் செடிக்கு அமுதம். மனித மூக்குக்கு நேர்மாறு. வாளியைத் திறக்கும் நாளில் அதே மாடியில் யாராவது துணி உலர்த்தியிருந்தால் வீட்டுக்குள் பனிப்போர்தான். உளுந்து வடகம்போல 'போரி' பிழிந்து காயவைப்பதும் இதே குளிர்கால வெயிலில், இதே மாடியில் என்பதால் பிண்ணாக்குத் தண்ணீருக்கும் போரிக்கும் நாள் குறித்துக்கொள்வது பல வீடுகளில் எழுதாத ஒப்பந்தம். மொட்டில் நிறம் தெரிந்ததும் உரம் நின்றுவிடும். வீடே மூச்சு விடும்.

எல்லாம் செய்தும் ஒரு செடி மட்டும் பூக்க மறுப்பதுண்டு. குற்றவாளி பெரும்பாலும் தெருவிளக்கு. செவ்வந்தி, இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும் சாதி. செப்டம்பர் கடைசியில் பகலும் இரவும் சமமாகி, பிறகு பகல் சுருங்கிச் சுருங்கி டிசம்பர் மூன்றாம் வாரத்தில் கொல்கத்தாவில் பத்தே முக்கால் மணி நேரமாகிறது. இந்தக் கணக்கை இலைகள் வைத்திருக்கின்றன. இரவெல்லாம் விளக்கு வெளிச்சம் விழும் மூலையில் செடிக்குக் கணக்கு தப்பிவிடும். இலை மட்டும் வளரும். தொட்டியை நாலடி தள்ளி வைப்பதுதான் வைத்தியம்.

செவ்வந்தி தளரும்போது டேலியா மேடையேறும். மெக்சிகோவில் பிறந்து, ஆண்டர்ஸ் தால் என்ற ஸ்வீடன் தாவரவியலாளரின் பெயரைத் தாங்கிய இந்தப் பூ, வங்காளிகளின் செல்லப்பிள்ளையானது விசித்திரம்தான். ராமகிருஷ்ண மிஷன் துறவியான சுவாமி விநயானந்தர் புதிய டேலியா ரகங்களை உருவாக்கியவர். தாயின் பெயர் தாங்கிய 'பிக்குஸ் மதர்' என்ற ரகம் இன்றும் பேசப்படுகிறது. அந்த வகையில் சாமந்தியும் (கேந்தா என்பார்கள், அதுவும் மெக்சிகோ வரவு), தென் அமெரிக்காவின் பெட்டூனியாவும் சேர்ந்தால் வங்காளக் குளிரின் பூக்களில் பெரும்பாலானவை குடியேறியவை என்பது புரியும்.

கன்று வாங்க ஞாயிற்றுக்கிழமை வழி பாக்பஜாரின் காலிஃப் தெருச் சந்தைக்கு. மீன் தொட்டிக்கும் நாய்க்குட்டிக்கும் நடுவே நாற்றுக் கட்டுகளும் மண் தொட்டிகளும் எலும்புத் தூளும் கிடைக்கும். பெருமையைக் காட்ட வழி அலிப்பூருக்கு. செராம்பூர் பாதிரியார் வில்லியம் கேரி 1820இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் குளிர்கால மலர்க் கண்காட்சி அங்கேதான். கேரி அச்சுக்கூடத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் பேர்போனவர். செடிகள் மீதும் அதே அளவு பித்து கொண்டிருந்தார்.

லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களும் இந்த மாநாட்டின் உறுப்பினர்களே. அவர்கள் மாடியில் முதல் தொட்டி கறிவேப்பிலைக்கு, அடுத்தது துளசிக்கு, மூன்றாவதிலிருந்துதான் சந்திரமல்லிகா. வங்காளச் சமையலில் கறிவேப்பிலைக்கு அதிக வேலையில்லை. ஆனாலும் கொத்து கேட்டு வரும் பக்கத்து வீட்டார், திரும்பும்போது ஒரு செவ்வந்திக் கன்றுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போவது இங்கே நடைமுறை.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. பழைய வீட்டை 'புரமோட்டரிடம்' கொடுத்து, பதிலுக்கு ஒரு பிளாட் வாங்கிக்கொள்வது இந்த நகரத்தில் வழக்கமாகிவிட்டது. பிளாட்டில் வசதி எல்லாம் உண்டு. சொந்த மாடி கிடையாது. 1972ஆம் ஆண்டு மேற்கு வங்க அடுக்குமாடி உரிமைச் சட்டம் கூரையைப் பொதுச் சொத்தாகக் கருதுகிறது. பொது என்றால் எல்லோருக்கும் சாவி என்பது ஒரு பொருள். யாருக்கும் சாவி இல்லை என்பது நடைமுறைப் பொருள்.

கதவைப் பூட்டுபவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ஈர மண்ணோடு ஒரு 10 அங்குலத் தொட்டி பத்து கிலோவைத் தாண்டும். நூறு தொட்டி வைத்தால் ஒரு டன்னுக்கு மேல். தொட்டிக்கு அடியில் ஈரம் தேங்கினால் தளம் கசிந்து, மேல் மாடிக்காரரின் சீலிங்கில் கறை படரும். தட்டில் நிற்கும் தண்ணீர் டெங்கு கொசுவின் பிரசவ அறை என்று மாநகராட்சி ஊழியர்களும் எச்சரிக்கிறார்கள்.

இதற்கும் மாடிக்காரர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். தொட்டிகளை இரும்புச் சட்டத்தின் மேல் தூக்கி வைத்தால் அடியில் காற்றோடும், தளம் உலரும். தொட்டிகளை உத்தரத்துக்கு மேலும் சுவரை ஒட்டியும் வைத்தால் பாரம் நடுத்தளத்தில் விழாது. மண்ணோடு தென்னை நார்த் துகள் கலந்தால் எடை குறையும். பொள்ளாச்சிக்காரர்களுக்கு இந்தத் துகளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தட்டுகளை அடியோடு எடுத்துவிடலாம். இத்தனையும் ஒப்புக்கொண்டு சாவி பெற்ற மாடிகள் உண்டு. கெஞ்சிப் பார்த்துவிட்டு, ஜன்னல் கம்பிக்கு வெளியே ஐந்து தொட்டியோடு அடங்கிவிட்டவர்களும் உண்டு. எழுபது வயதில் பல மாடி ஏறித் தண்ணீர் சுமக்க முடியாமல் தாமாகவே விட்டவர்களும் உண்டு.

அப்படி விட்டவர்களின் ரகங்கள் பெரும்பாலும் அழிவதில்லை. ஆண்டாண்டாகக் கன்று கொடுத்து வந்ததால் அதே சோனார் பங்ளா நாலு தெரு தள்ளி இன்னொரு மாடியில் பூத்துக்கொண்டிருக்கும். தன் செடி பட்டுப்போனால் அங்கே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பிப்ரவரியில் குரங்குக் குல்லா பரணுக்குத் திரும்பும் சமயம், வெட்டிவிட்ட செடிகளின் அடியில் கன்றுகள் தலைகாட்டும். எந்தக் கன்று யாருக்கு என்ற பட்டியல் அதற்குள் முடிவாகியிருக்கும்.